இழுக்காத ரோலர், இரட்டையாகப் போகும் தாள்: வீட்டில் கிடக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினைச் சரிசெய்வது

கேள்வி இதுதான்: மேஜைமேல் வைக்கிற சிறிய ஜெராக்ஸ் மெஷின், வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. ட்ரேயில் வைத்த பேப்பரை ஒரு தடவை இழுக்கிறது, மறு தடவை ரோலர் சும்மா சுற்றுகிறது. சில சமயம் இரண்டு மூன்று தாளைச் சேர்த்து விழுங்கிவிட்டு ஜாம் விளக்கைப் போடுகிறது. ரோலரை ஸ்பிரிட்டால் துடைத்தால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு பழையபடி. ரோலரை மாற்றிவிட்டால் தீருமா?

பாதி தீரும். இழுக்காதது, இரட்டையாக இழுப்பது, கோணலாகப் போவது, பாதி வழியில் மடிந்து நிற்பது என்று நாலு விதமான கோளாறு இருக்கிறது. நாலுக்கும் மெஷின் எரியவிடுவது ஒரே விளக்கைத்தான். அதனால்தான் பலரும் ரோலரை மட்டும் மாற்றிவிட்டு, இன்னும் சரியாகவில்லையே என்று விழிக்கிறார்கள். தாளின் நுனி எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள், கோளாறு அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது அதற்கு அப்புறம்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டோனர் என்கிற மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பியூசர் ரோலர் ஓடும்போது 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், அரை மணி நேரமாவது ஆறட்டும். படம் உருவாகிற டிரம் இருக்கும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலோ டியூப் லைட்டோ சில நிமிடம் நேராகப் பட்டாலே காப்பியில் மங்கலான பட்டை விழ ஆரம்பிக்கும். டிரம்மின் மேல்பரப்பில் விரல் படக் கூடாது. கொட்டிய டோனரை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டு, கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் டோனர் இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வேக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். அந்த மாவு அதன் பையைத் தாண்டி மறுபக்கம் புகையாக வரும்.

தாள் போகிற வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ட்ரேயின் அடியில் இருக்கும் தட்டு, ஸ்பிரிங் பலத்தில் பேப்பர் கட்டின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிக்கப் ரோலரில் அழுத்துகிறது. ரோலர் ஒரே ஒரு சுற்று சுற்றி மேல் தாளைத் தள்ளுகிறது. கூடவே கிளம்பப் பார்க்கும் அடுத்த தாளை எதிரே இருக்கும் செபரேஷன் பேட் பிடித்து நிறுத்துகிறது. போன தாள் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரில் முட்டி, முதுகு லேசாக வளைந்து ஒரு கணம் நிற்கிறது. அந்த வளைவு காரணமில்லாமல் இல்லை, சின்னக் கோணல்கள் அதில்தான் நிமிர்கின்றன. டிரம்மில் படம் உரிய இடத்துக்கு வந்ததும் கிளட்ச் பிடித்து ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரைச் சுற்றவிடுகிறது. அப்புறம் டிரம், பியூசர், வெளியே தள்ளும் ரோலர். வழியில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு வைத்த சென்சார்கள் நிற்கும். தாளின் நுனி குறித்த நேரத்துக்குள் நாக்கைத் தொடவில்லை என்றாலும், தொட்ட தாளின் வால் குறித்த நேரத்தில் விலகவில்லை என்றாலும் மெஷினுக்கு அது ஜாம்தான்.

இரண்டு சோதனை போதும். முதலாவது, ஒற்றைத் தாளாகக் கையால் கொடுக்கிற வழி உங்கள் மெஷினில் இருந்தால் அதில் பத்துத் தாள் விடுங்கள். பத்தும் சுத்தமாக வெளியே வந்தால் டிரம், பியூசர், ரெஜிஸ்ட்ரேஷன் எதையும் தொட வேண்டாம், குற்றவாளி ட்ரே பக்கம்தான். கையால் கொடுத்தாலும் சிக்கினால், பிக்கப் ரோலரில் எவ்வளவு செலவழித்தாலும் வீண். இரண்டாவது, ட்ரேயிலிருந்து ஒரு காப்பி ஓடவிட்டு, சிக்குகிற நேரத்தில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். தாள் ட்ரேயை விட்டே நகரவில்லையா, ரெஜிஸ்ட்ரேஷன் ரோலருக்குச் சற்று முன்னால் நிற்கிறதா, அதில் முட்டி விசிறி போல மடிந்திருக்கிறதா, டிரம்மைத் தாண்டிவிட்டதா? இதை நாலைந்து தடவை செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய தாளைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முன் விளிம்பிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, ரோலர் தொட்ட இடத்தில் மங்கிய சாம்பல் நிறத் தேய்ப்பு தெரியும். ரோலர் சுற்றியது, தாள் நகரவில்லை, ரப்பர் வழுக்கியது என்று அதற்கு அர்த்தம். ஒரே தண்டில் இரண்டு ரப்பர் இருந்து ஒரு தேய்ப்பு மட்டும் தெரிந்தால் இரண்டும் சமமாக அழுத்தவில்லை. தேய்ப்பே இல்லை என்றால் ரோலர் சுற்றவே இல்லை, அல்லது தாளைத் தொடவே இல்லை. அப்போது ரப்பரை விட்டுவிட்டு, அடித்தட்டு மேலே எழும்புகிறதா, கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பர் வழுக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். பேப்பருக்கு வெண்மையும் வழவழப்பும் வர அதில் கால்சியம் கார்பனேட் போன்ற வெள்ளைத் தூளைச் சேர்க்கிறார்கள். ரோலரில் படிகிற மாவு பெரும்பாலும் அதுவும் பேப்பர் நாரும்தான். அது மட்டும் என்றால், ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, வெறும் ஈரத் துணியால் இன்னொரு முறை துடைத்துக் காயவிட்டால் போதும். நீங்கள் சொன்ன 'இரண்டு நாள் கதை' வேறு. வயதான ரப்பரின் மேல்தோல் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிட்டோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ அழுக்கை எடுக்கும், இறுகிய தோலை இளக்காது. துடைத்தபின் கொஞ்ச நேரம் பிடிக்கும், அடுத்த ஐம்பது தாளின் மாவு படிந்ததும் விட்டுவிடும். அடிக்கடி ஆல்கஹால் போட்டால் சில வகை ரப்பர் இன்னும் காய்ந்துபோகும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் ரப்பரையும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

ரப்பரில் உயிர் இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் அமுங்கி, நகத்தை எடுத்ததும் எழும்பும். மேற்பரப்பு பளபளப்பில்லாமல் இருக்கும், காய்ந்த விரலை அதன்மேல் இழுத்தால் தடுக்கும். பளபளத்து, விரல் வழுக்கிக்கொண்டு போனால் அது முடிந்த கேஸ். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

புது ரோலர் கிடைக்கும்வரை ஓட்ட மூன்று வழி உண்டு. தண்டிலிருந்து ரப்பர் உறை கழன்று வருகிற வகை என்றால், அதை உரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடலாம். உள்பக்கம் மழுமழுவென்று, வரிகளோ பள்ளமோ இல்லாமல் இருந்தால் மட்டும்தான் இது சரிப்படும். இரண்டாவது, 400 நம்பர் உப்புத்தாளால் தண்டின் நீளவாக்கில் நாலைந்து இழுப்பு இழுத்து மேல்தோலை எடுப்பது. வட்டமாகச் சுரண்டினால் ஒரு பக்கம் அதிகமாகத் தேயும், ஜாக்கிரதை. மூன்றாவது, உறைக்கு அடியில் மின்கம்பிக்குச் சுற்றுகிற பிவிசி டேப்பை இரண்டு சுற்று சுற்றி உறையைத் திரும்பப் போடுவது. ரப்பர் இழுபட்டு விட்டமும் கொஞ்சம் கூடும். இரண்டு ரப்பர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அளவு சுற்று, இல்லாவிட்டால் கோணலை நீங்களே வரவழைத்த மாதிரி. ரப்பரை இளக்கும் திரவங்களும் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் சைலீன் இருக்கும், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ரோலரைத் தனியாகக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துப் போடுங்கள், நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

விட்டத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், பிக்கப் ரோலர் சுற்றுவது பெரும்பாலும் ஒரே சுற்றுதான். அந்த ஒரு சுற்றில் தாளின் நுனி ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர்வரை போய் முட்டியாக வேண்டும். விட்டம் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் குறையும், கூடவே வழுக்கலும் சேரும். தாள் சற்று முன்னாலேயே நின்றுவிடும். நாலைந்து தடவை பார்த்தபோது நுனி ரெஜிஸ்ட்ரேஷன் ரோலருக்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது என்றால் இதுதான் காரணம். புது ரோலர் வாங்கும்போது வெளிவிட்டம், அகலம், தண்டின் துளை மூன்றையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பழைய ரப்பரின் தேய்ந்த நடுப்பகுதியை அளக்காமல், பேப்பர் படாத ஓரத்தில் அளந்தால் அசல் அளவு கிடைக்கும். பாதி நிலா மாதிரி ஒரு பக்கம் வெட்டுப்பட்ட ரோலர் என்றால், தட்டைப் பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ஓய்வில் அந்தத் தட்டைப் பக்கம்தான் பேப்பரைப் பார்த்து நிற்க வேண்டும். மாற்றி மாட்டினால் ரப்பர் தாளை அழுத்திக்கொண்டே நின்று, முதல் தாள் நடுவழியில் இழுபடும்.

இரட்டையாகப் போவதற்கு வருவோம். இங்கே உராய்வு மூன்று இருக்கிறது. ரோலருக்கும் தாளுக்கும் நடுவில் உள்ளது எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். பேடுக்கும் தாளுக்கும் உள்ளது அதைவிடக் குறைவாக, தாளுக்கும் தாளுக்கும் உள்ளதைவிட அதிகமாக. இந்த வரிசை குலைந்தால் தொல்லை. ரோலர் வழுக்கினால் இழுக்காது, பேட் வழுக்கினால் இரண்டாகப் போகும். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே தூசி என்பதால் ஏறக்குறைய சேர்ந்தேதான் போகின்றன. புது ரோலர் மட்டும் போட்டால் அதன் இழுவை கூடிவிடும், பழைய பேட் ஈடுகொடுக்காது. நேற்றுவரை இழுக்காத மெஷின் இன்று இரண்டு இரண்டாக விழுங்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

பேட் என்பது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலமான ரப்பர் அல்லது கார்க் துண்டு. நடுவில் பள்ளம் விழுந்து பளபளத்தால் மாற்ற வேண்டும். அதை அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் தளரும். புது பேட் போட்டும் இரட்டை நிற்காவிட்டால் ஸ்பிரிங்குக்கு அடியில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள், அப்புறம் முதல் தாளையே பேட் பிடித்துக்கொள்ளும். பேடை ஒட்டிச் சின்னதாக, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஏதோ உடைந்த துண்டு என்று நினைத்துப் பிய்த்துவிடுபவர்கள் உண்டு. அது தாளின் நுனிக்கு வழிகாட்டுவது, மடியாமல் இருக்கட்டும்.

பேட் இல்லாத பழைய வகையும் உண்டு. கேசட்டின் முன் மூலைகள் இரண்டிலும் உலோகக் கொக்கி போல ஒன்று தாளின் மூலையை மேலிருந்து பிடித்திருக்கும். ரோலர் தள்ளும்போது மூலை வளைந்து மேல் தாள் மட்டும் கொக்கியைத் தாண்டி வரும். பேப்பரின் இரு மூலையும் கொக்கிக்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஏறி உட்கார்ந்தால் கோணல், இரண்டும் ஏறினால் கட்டோடு கிளம்பும். கட்டு முழுக்க ஒழுங்காகப் போய், கடைசி அஞ்சாறு தாள் மட்டும் சேர்ந்து போகிறதா? ரோலரையும் பேடையும் விட்டுவிடுங்கள். அடித்தட்டில் ரோலருக்கு நேர் கீழே ஒட்டியிருந்த சின்னக் கார்க் துண்டு கழன்று விழுந்திருக்கும்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் பழைய மெஷின்களில் பலர் கோட்டைவிடுகிற இடம். பிக்கப் ரோலரை ஒரே சுற்றில் நிறுத்துவது ஒரு சொலினாய்டு, அதாவது சின்ன மின்காந்தம். அதன் முனையில் உள்ள இரும்பு நாக்கு, கிளட்ச் பல்லில் மாட்டிக்கொண்டு ரோலரை நிறுத்தி வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் நாக்கு இழுபடும், கிளட்ச் விடுபட்டு ரோலர் சுற்றும், சுற்று முடிவதற்குள் நாக்கு திரும்பி வந்து பல்லைப் பிடிக்க வேண்டும். நாக்கு இரும்பில் அடித்துச் சத்தம் போடாமல் இருக்கச் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூடுபட்டு அந்தப் பஞ்சு கறுத்து, உருகிய தார் மாதிரி பிசுபிசுக்கும். விரலால் தொட்டு எடுத்தால் நூல் நூலாக இழுபடும். நாக்கு அதில் ஒட்டிக்கொண்டு அரை நொடி தாமதித்தாலே போதும், கிளட்ச் பல் தப்பிவிடும், ரோலர் இன்னொரு சுற்று போகும்.

அந்த இரண்டாவது சுற்றின்போது முதல் தாள் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரில் முட்டிக் காத்திருந்தால், பின்னாலிருந்து தள்ளுபட்டு விசிறி போல மடியும். நாக்கு முழுக்க ஒட்டி, ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தால், முதல் தாளின் வால் போனதும் அடுத்தது பின்னாலேயே கிளம்பும். பேட் கோளாறில் இரண்டு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சொலினாய்டு கோளாறில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பஞ்சு நாக்கின் ஓய்வுப் பக்கத்தில் இருந்தால் அறிகுறி வேறு மாதிரி. நாக்கு விடுபடவே தாமதமாகும், தாள் நேரம் தப்பிக் கிளம்பி ஜாம் விழும். நாளின் முதல் காப்பி மட்டும் சிக்கி, ஓட ஓடச் சரியாகிவிடும் மெஷின்களில் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

சரிசெய்யச் செலவே இல்லை. பக்க மூடியைக் கழற்றினால் பல்சக்கரங்களுக்கு நடுவே சொலினாய்டு தெரியும். நாக்கை விரலால் அழுத்தி விடுங்கள், 'டிக்' என்று உடனே எழும்ப வேண்டும், சோம்பலாக எழும்பினால் அதுதான். பழைய பஞ்சை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, மிச்சப் பிசினை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, அந்த இடத்தில் மெல்லிய துணி டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். பழைய பஞ்சின் தடிமனை ஏறக்குறைய ஒத்திருக்கட்டும். ரொம்பத் தடித்தால் நாக்கு முழுதாக இழுபடாது. ஒட்டாமல் வெறுமனே விட்டால் இரும்போடு இரும்பு காந்தம் மாதிரி ஒட்டும். கிளட்சுக்கு எண்ணெய் போட வேண்டாம், வழுக்க ஆரம்பித்துவிடும். பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கை அரிக்காத வெள்ளை கிரீஸ் தீக்குச்சித் தலை அளவு போதும். ஸ்ப்ரே எதுவும் உள்ளே அடிக்காதீர்கள், ரப்பர்மேல் ஒரு படலம் பட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தண்டுகளைப் பிடித்திருக்கும் ஆங்கில 'E' வடிவ கிளிப்பைக் கழற்றும்போது கையையும் தண்டையும் சேர்த்து ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கழற்றுங்கள். தெறித்தால் பைக்குள்ளேயே கிடக்கும்.

கோணலுக்கு முதலில் ட்ரேயின் பக்கவாட்டுத் தடுப்பைப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தாள் திரும்பும், ரொம்ப நெருக்கினால் வளையும். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதற்கப்புறம் கிழிந்த பேப்பர் துண்டு ஏதாவது ஒரு ஓரத்தில் ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். அப்புறம்தான் இரண்டு ரப்பரின் தேய்மானமும் அடித்தட்டின் இரண்டு ஸ்பிரிங்குகளும்.

தாள் சிக்காமல் வருகிறது, ஆனால் படத்தின் மேல் ஓரம் ஒரு காப்பியில் மேலே, அடுத்ததில் அரை சென்டிமீட்டர் கீழே என்று ஆடுகிறதென்றால், ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரில் தூசி படிந்து வழுக்குகிறது, அல்லது அதன் கிளட்ச் சோம்பல்படுகிறது. இந்த ரோலரை ஈரத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தாலே பெரும்பாலும் அடங்கும். உள்ளே பேப்பரே இல்லாமல் ஜாம் விளக்கு எரிந்தால் சென்சார் நாக்கு மடங்கிக் கிடக்கிறது, அல்லது அதன் முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங் கழன்றிருக்கிறது. விரலால் தள்ளிப் பாருங்கள், தானே திரும்பி வர வேண்டும். பியூசர் வாயில் மடிந்து சிக்கினால் அங்கே தாளை ரோலரிலிருந்து பிரித்துவிடும் நகங்களில் டோனர் உறைந்திருக்கும். ஆறியபின் மரக்குச்சியால் எடுங்கள், உலோகம் பட்டால் ரோலர் பூச்சு கீறிவிடும்.

பேப்பரைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் சோதனையில் அதை முதலில் மாற்றிப் பாருங்கள். 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), புதிதாகப் பிரித்த கட்டு. திறந்து வைத்த கட்டு ஈரம் இழுத்து ஓரம் அலை அலையாக இருக்கும், மெஷினில் எந்தக் குறையும் இல்லாமலே சிக்கும். 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன், 50 தாள் வைத்தால் 5 மில்லிமீட்டர். பழைய ஸ்பிரிங்குக்கு அதுவே தோதான சுமை, ட்ரேயின் கோடுவரை நிரப்பாதீர்கள். வைக்கும் முன் விசிறி உதறித் தட்டி நேராக்குங்கள். வெளியேறும் இடத்தில் மட்டும் சுருண்டு சிக்கினால் கட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும்.

எல்லாம் மாட்டியபின் 20 தாள் விட்டு எத்தனை சிக்கியது, எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். புது ரப்பரின் மேல் தூள் இருப்பதால் முதல் நாலைந்து வழுக்கலாம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ரோலரும் பேடும் மட்டும் இதற்கு விலக்கு.